தூணு அதேதான்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக ஜாவாவின் செமாராங் நகருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள டெமாக் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போனேன். மூன்றடுக்குக் கூரை, குவிமாடமே இல்லை. கோயிலைப் பள்ளிவாசலாக மாற்றியிருப்பார்களோ என்று தோன்றியது. ஜாவாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று என்றார்கள். ஆனால் தூண்களில் 1980களில் புது மரம் வைத்திருக்கிறார்கள், கதவு நகல், மினாரா 1932இல் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டதும் ஏமாற்றமாகிவிட்டது. ஒரிஜினல் என்று சொல்ல அங்கே என்ன மிச்சம்? கட்டிய ஆண்டாக 1466, 1479 என்று இரண்டைச் சொல்கிறார்கள். எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் பழைய வீடு நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ‘ஒரிஜினல் என்ன மிச்சம்’ என்ற உங்கள் வரி அன்று இரவு தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

ஆண்டை முதலில் முடித்துவிடுவோம். 1466 கதவிலிருந்து வருவது. இடியைப் பிடித்து அடைத்ததாகக் கதை சொல்லப்படும் அந்த ‘லாவாங் பிளெடெக்’ கதவுக்கு உரிய ‘நாக முலத் சலீர வனி’ என்ற தொடரின் சொற்களை எண்களாக வைத்துச் சக ஆண்டு 1388 என்று படிக்கிறார்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1479 மிஹ்ராபிலுள்ள, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடத்திலுள்ள, ஆமையிலிருந்து வருவது. தலை ஒன்று, கால் நான்கு, ஓடு சுழி, வால் ஒன்று. சக ஆண்டு 1401. இரண்டுமே மரபாகப் படித்துவரும் கணக்குகள். இவற்றில் எது சரி என்று கட்சி கட்ட எனக்கு ஆர்வமில்லை. எனக்கு வியப்பு வேறு. தொழுகை நடக்கும் பள்ளியின் மிஹ்ராபில், நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே சக ஆண்டு ஓர் ஆமையாக உட்கார்ந்திருக்கிறது. 1633இல் ஜாவாவின் மாதாராம் அரசர் சுல்தான் அகுங் நாட்காட்டியை ஹிஜ்ரி மாதங்களுக்கு மாற்றியபோதுகூட ஆண்டெண்ணை அழித்து ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. சக 1555இலிருந்து அப்படியே எண்ணிக்கொண்டு போனார்கள். அந்த ஆமையின் முன்னால் நின்றும் உங்களுக்குக் கேட்கத் தோன்றியது ‘எது சரி’ என்பது மட்டும்தானா?

குவிமாடம் இல்லாதது பற்றி. சுமத்ராவின் வடமுனையில், ஆச்சேயில், பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் இருக்கிறது. கறுப்புக் குவிமாடத்தோடு படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே முன்பு இருந்ததும் அடுக்குக் கூரைப் பள்ளிதான். 1873இல் டச்சுக்காரர்களோடு நடந்த போரில் அது எரிந்தது. பிறகு டச்சு அரசே 1881இல் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. அதன் குவிமாடத்தை வரைந்தவர் ஒரு டச்சுக் கட்டடக் கலைஞர். ஆக, பள்ளிவாசல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் படத்தை ஆச்சேக்குக் கொண்டுவந்தது காலனி அரசு. அங்குள்ளவர்கள் தாமாகவே கட்டியது அடுக்குக் கூரை.

கோயிலை மாற்றியது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நான்கு தூண்மேல் சதுரக் கூரை ஏற்றுவது ஜாவாத் தச்சர்களுக்குக் கைவந்த வேலை. அதைத் ‘தாஜுக்’ என்பார்கள். இது சேவல்சண்டை மண்டபத்திலிருந்து வந்தது என்றார் ஸ்டுட்டர்ஹைம் என்ற டச்சு ஆய்வாளர். மலபார்ப் பள்ளிவாசல்களின் அடுக்குக் கூரையைக் காட்டி வேறு வழி சொன்னார் டி கிராஃப். அறிஞர்கள் பேசட்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் இதே அடுக்குக் கூரைதான். கடல் கடந்து போனவர்கள் அந்த ஊரின் கூரையையே தங்கள் தலைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

1932இன் இரும்பு மினாரா என் கண்ணுக்கும் ஒட்டவில்லை. அதற்கு முன்பு தொழுகை நேரத்தை அறிவிக்கப் பெடுக் என்ற பெரிய முரசே போதுமாக இருந்தது. அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

சண்டை தூண்களைப் பற்றித்தான்.

உள்ளே நான்கு பெருந்தூண்கள். சோகோ குரு என்று பெயர். உச்சிக்கூரையின் பாரம் இவற்றின் மேல். ஒவ்வொன்றும் ‘வலி’ எனப்படும் ஓர் இஸ்லாமிய இறைநேசரின் பெயரில் சொல்லப்படுகிறது: சுனான் அம்பெல், சுனான் குனுங் ஜாதி, சுனான் போனாங். வடகிழக்குத் தூண் சுனான் காலிஜாகாவுடையது. அதன் கதையை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? மற்ற மூவரும் முழுமரத்தில் தூண் செய்துவிட்டார்கள். இவருடையது மட்டும் பாக்கி. விடிந்தால் கூரை ஏற்ற வேண்டும். தளத்தில் சிதறிக் கிடந்த செதுக்குச் சில்லுகளைக் கூட்டி எடுத்து, ஒன்றாகக் கட்டித் தூணாக நிறுத்தினார் என்பது கதை. சோகோ தாதால் என்று அதற்குப் பெயர். தாதால் என்றால் மரச்சில்லு. கதை நடந்ததா என்பதை விடுங்கள். தங்கள் பள்ளிவாசலின் நான்கு கால்களில் ஒன்று மிச்ச மரத்தால் ஆனது என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லிவரும் ஊர் அது. அங்கே போய் ஒரே மரம், வெட்டுப்படாத மரம், முதல் நாள் மரம் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள். கோபம் வருகிறது எஸ். ‘மரம் உளுக்கும், எடுத்து வைப்போம்’ என்பதைத் தெரிந்தே கட்டியவர்கள் அவர்கள்.

ஜாவாவில் தூணை மண்ணில் புதைப்பதில்லை. ‘உம்பாக்’ என்ற கல்லின் மேல் நிறுத்துவார்கள். ஆணிக்குப் பதில் துளையும் கழுந்துமாகக் கோத்திருப்பார்கள். நிலம் நடுங்கினால் கட்டடம் ஆடி அடங்கும். கால் உளுத்தால் காலை மட்டும் எடுக்கலாம். 1980களில் அதைத்தான் செய்தார்கள். உளுத்த பகுதிகளை எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தார்கள். எடுத்ததை விறகாக்கவில்லை. பள்ளி வளாகத்திலேயே அருங்காட்சியகம் வைத்து அந்தத் துண்டுகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். பழைய இடிக்கதவும் அங்கேதான். நீங்கள் உள்ளே போகவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

எங்கள் வீடு நாஞ்சில்நாட்டு ஓட்டு வீடு. அயனித் தூண்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தார்சாவின் மூலைத்தூணில் கரையான் ஏறிவிட்டது. ஆசாரித் தாத்தா வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் தூணைத் தட்டித் தட்டிக் கேட்டார். சத்தம் மாறிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். அதற்கு அரைச்சாண் மேலே சரிவாக அறுத்து, புதுக்கட்டையிலும் அதே சரிவைச் செதுக்கி, இரண்டையும் கோத்து முளையடித்தார். முட்டுக்கட்டையை எடுத்தபோது உத்தரம் ஒரு முனகல் விட்டு உட்கார்ந்தது. இன்னும் காதில் இருக்கிறது. “இது பழைய தூணா, புதுத் தூணா தாத்தா?” என்று கேட்டேன். “தூணு அதேதான் மக்களே. காலுதான் புதுசு” என்றார்.

அறுத்துப்போட்ட அடிக்கட்டையை ஆச்சி கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போனாள். சாகும்வரை அதில் உட்கார்ந்துதான் மீன் கழுவினாள்.

சொந்தக்காரர்கள் நான்கு வருடத்துக்கு முன்பு அந்த வீட்டைப் பிரித்தார்கள். காரணம் கேட்டேன். பாதி மரம் மாற்றினதுதானே, ஒரிஜினலா என்றார்கள். உங்கள் சொல்லேதான் எஸ். பழைய மரம் வாங்கும் ஒருவர் தூண்களை லாரியில் ஏற்றிப்போனார். இப்போது அங்கே தளம் மட்டும் இருக்கிறது. தூண்கல் ஒன்றுகூட இல்லை. போன வாரம் அதன் மேல் நின்றுவிட்டு வந்தவனுக்கு நீங்கள் ‘ஏமாற்றமாகிவிட்டது’ என்று எழுதினால் என்ன செய்வான்?

நீங்கள் நல்ல வாசகர். வேலைக்குப் போன ஊரில் கிடைத்த ஒரே விடுமுறை நாளைக் கடைத்தெருவில் கழிக்காமல் ஒரு பழைய பள்ளிவாசலுக்குப் போனீர்களே, அது எல்லோருக்கும் வருவதில்லை. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். மறுபடி செமாராங் போனால் நேராக அந்த அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சோகோ குருத் துண்டுகளின் அறுத்த வாயைப் பாருங்கள். பிறகு பள்ளிக்குள் வந்து வடகிழக்குத் தூணுக்கு எதிரே உட்காருங்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து குடுஸ் நகருக்கும் போய் வாருங்கள். 1549இன் பள்ளிவாசல் அது. அதன் செங்கல் கோபுரத்தைக் கண்டதும் அதையும் கோயில் என்பீர்கள். அதற்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

அடிக்கட்டையை வாங்க லாரிக்காரருக்கு மனமில்லை. கிணற்றடியிலேயே கிடந்தது. போன வாரம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போது மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆச்சி உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுத்த இடம். இந்தப் பக்கம் ஆசாரித் தாத்தாவின் சுண்ணாம்புக் கோடு மட்டும் காணோம்.

அன்புடன்.