தோற்கிறவருக்கு என்ன வேலை?

சென்ற இதழில், வீட்டிலும் நண்பர்களோடும் சேர்ந்து ஆடும் போர்டு கேம்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக் கடிதங்கள் ஆட்டத்தைப் பற்றி இல்லை, சண்டையைப் பற்றி! நான் நிபுணன் அல்ல. வங்கியில் முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு நாலு மணிக்கு மேசை விரிப்பேன். எட்டு வயதுப் பேத்தியும் வருவாள், எண்பதை நெருங்கும் சித்தப்பாவும் வருவார். அந்த மேசையில் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

மகன் கேட்டானே என்று 'கட்டான்' வாங்கினோம். மூன்று முறை ஆடினோம், மூன்று முறையும் சண்டை. போன தடவை என் கணவர் திருடனைக் கொண்டுபோய் என் மாமியாரின் கோதுமை மேல் வைத்தார். அம்மாவும் பிள்ளையும் இரண்டு நாள் பேசவில்லை. பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா? வீட்டில் ஐந்து பேர்.
– வாசகி, ஈரோடு

கொடுத்துவிடாதீர்கள் அம்மா. கட்டான் என்று பெயர் வைத்துவிட்டு ஊரும் சாலையும் கட்டச் சொல்கிற ஆட்டம். பெயரிலேயே கொஞ்சம் வம்பு இருக்கிறது.

உங்கள் மாமியாருக்குக் கோபம் திருடன் மேல் இருக்காது என்பது என் சந்தேகம். பலகையில் உள்ள நிலங்களில் எண் போட்டிருக்கும். பகடையில் அந்த எண் விழுந்தால், பக்கத்தில் வீடு வைத்தவருக்கு அந்த நிலத்தின் கோதுமையோ மரமோ கிடைக்கும். 7 விழுந்தால் உருட்டியவர் திருடனை நகர்த்துவார்; அவன் உட்கார்ந்த நிலம் எதுவும் கொடுக்காது. ஆட்டம் தொடங்கும்போது அவர் தன் வீடுகளை எந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தார் என்று நினைவிருக்கிறதா? இரண்டு பகடையை உருட்டினால் மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 6 விழ 5 வழி, 8 விழ 5 வழி. 2 விழ ஒரே ஒரு வழிதான், 12-க்கும் அப்படியே. இது தெரியாதவர், இடம் காலியாக இருக்கிறதே என்று 2-லும் 12-லும் போய் உட்காருவார். பிறகு முக்கால் மணி நேரம் மற்றவர்கள் மரமும் செங்கலும் வாங்குவதை வேடிக்கை பார்ப்பார். அப்படிக் காய்ந்து கிடப்பவருக்கு ஒரே ஒரு கோதுமை வயல் உருப்படியாக இருந்து, அதன் மேலும் திருடன் உட்கார்ந்தால்? பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கோபம் வரும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதன்முதலில் இதை ஆடியபோது என் மச்சினர் 2, 11, 12 என்று பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் அவர் கைக்கு வந்தது இரண்டு ஆடு. "மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன்" என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் கீழே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எந்த ஆட்டத்தை வாங்கும் முன்பும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தோற்றுக்கொண்டிருக்கிறவருக்கு இதில் என்ன வேலை?

இந்த ஆட்டத்தில் அவருக்கு வேலை கொடுக்க முடியும். விதிப் புத்தகத்தில் முதல் ஆட்டத்துக்கென்றே ஒரு தயார் அமைப்பு போட்டிருக்கும். இன்னும் நாலைந்து முறை அதையே பயன்படுத்துங்கள். யாருக்கும் வறண்ட நிலம் அமையாது. அடுத்து, திருடனுக்கு ஒரு கட்டுப்பாடு. 7 விழத்தான் 36-ல் 6 வழி, எல்லா எண்ணையும்விட அதிகம். ஆகவே அவன் அடிக்கடி வருவான், தடுக்க முடியாது. தொடக்கத்தில் கிடைத்த இரண்டு புள்ளியோடே நிற்கிறவர் மேல் அவனை வைக்கக் கூடாது என்று உங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

மூன்றாவது விஷயம் ஆள் கணக்கு. அடிப்படைப் பெட்டி மூன்று நான்கு பேருக்கானது. ஐந்தாவது ஆளுக்கு விரிவுப் பெட்டி தனியாக விற்கிறார்கள். வாங்க வேண்டாம், காத்திருக்கும் நேரம்தான் நீளும். பாட்டியையும் பேரனையும் ஒரே அணியாக உட்கார வையுங்கள். பேரன் எண்களைப் பார்த்துக்கொள்வான். பேரம் பேசுவதைப் பாட்டியிடம் விடுங்கள். ஒரு ஆட்டைக் கொடுத்து இரண்டு செங்கல் வாங்கும் சாமர்த்தியம் காய்கறிக் கடையில் நாற்பது வருடம் நின்றவர்களுக்குத்தான் வரும்.

இதை உருவாக்கிய கிளவுஸ் டொய்பர் ஜெர்மனியில் பல் செட் செய்யும் தொழில் பார்த்தவர். 1995-ல் ஆட்டம் வெளியாகி அதே வருடம் அந்த நாட்டின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதை வாங்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் உரசல் வந்தால் 'டிக்கெட் டு ரைடு' பக்கம் போங்கள். இரண்டு முதல் ஐந்து பேர் ஆடலாம். ஒருவர் முறையில் செய்யக்கூடியது மூன்றே: வண்ணச் சீட்டு எடுப்பது, ரயில் பெட்டிகளை வரைபடத்தில் வைத்து ஒரு பாதையைப் பிடிப்பது, புதுப் பயணச் சீட்டு எடுப்பது. அடுத்தவர் உங்கள் பாதையை அடைக்கலாம், ஆனால் நீங்கள் வைத்ததைப் பிடுங்க முடியாது. கடைசி இடத்தில் இருப்பவருக்கும் தன் ரயிலை ஊர் சேர்க்கிற வேலை முடிவு வரை இருக்கும்.

விடுமுறையில் மோனோபாலி ஆரம்பித்தால் மூன்று மணி நேரமாகியும் முடிவதில்லை. முதலில் திவாலாகும் தங்கை அழுகிறாள். வேகப்படுத்த வழி உண்டா?
– வாசகர், விருதுநகர்

உண்டு. ஒருவர் ஒரு இடத்தில் வந்து நின்று அதை வாங்காவிட்டால், வங்கி உடனே அதை ஏலம் விட வேண்டும். இது அச்சிட்ட விதி, பெரும்பாலான வீடுகளில் மதிப்பதில்லை. அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, இலவச பார்க்கிங்கில் வந்து நிற்கிறவருக்குக் கொடுப்பது விதியிலேயே கிடையாது. அது ஆட்டத்தில் பணத்தை நிறுத்திவைத்து இழுத்துக்கொண்டே போகும். ஏலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குவியலை நீக்குங்கள், பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

தங்கையின் அழுகைக்கு மருந்து இல்லை. இதன் மூல ஆட்டத்துக்கு 1904-ல் காப்புரிமை பெற்ற லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நில வாடகை ஒருவரைக் கொழுக்க வைத்து மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதைக் காட்டத்தான் அதைச் செய்தார். உங்கள் தங்கைக்கு ஆட்டம் சரியாகப் புரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு 74 வயது. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நண்பர்களோடு தினமும் ரம்மி ஆடியவர்; இப்போது அந்தக் குழுவில் மூன்று பேர் இல்லை. கை வேறு லேசாக நடுங்குகிறது. அவரோடு நானும் என் மகளும் ஆட ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

யோசிக்கவே வேண்டாம், 'ரம்மிக்யூப்'. 1 முதல் 13 வரை எண் போட்ட வில்லைகள், நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு. இரண்டு ஜோக்கர் சேர்த்து 106. ஆளுக்கு 14 வில்லை. ஒரே நிறத்தில் வரிசையாக மூன்றோ, ஒரே எண்ணில் வேறு வேறு நிறமாக மூன்றோ சேர்ந்தால் இறக்கலாம். முதல் தடவை இறக்கும்போது மொத்தம் 30 புள்ளியாவது இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வில்லையை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

வில்லைகளைக் கையில் விசிறி போலப் பிடிக்க வேண்டியதில்லை. எதிரே ஒரு பலகைத் தாங்கி இருக்கும், அதில் நிறுத்தி வைத்தால் போதும். நடுங்கும் கைக்கு இதைவிட வசதி வேறில்லை. எங்கள் சித்தப்பா சீட்டாட்டத்தை விட்டதே, சீட்டு நழுவி விழுந்து அடுத்தவர் பார்த்துவிடுகிறார்கள் என்ற வெட்கத்தில்தான். ரம்மிக்யூப்பில் அவரை அசைக்க முடியவில்லை.

உங்கள் மகளுக்கும் இதில் சுவை இருக்கிறது. மேசையில் ஏற்கெனவே இறங்கிய வில்லைகளை, யார் இறக்கியது என்றாலும், கலைத்து மாற்றி அடுக்கலாம். முடிவில் ஒவ்வொரு கூட்டமும் முறையாக இருந்தால் சரி. சாதாரண ரம்மியில் இது கிடையாது. ஆரம்பத்தில் உங்கள் அப்பா, "நான் இறக்கினதை நீ எப்படித் தொடலாம்?" என்று கேட்பார். சித்தப்பா இரண்டு வாரம் கேட்டார். மூன்றாவது வாரம் அவர்தான் எங்கள் எல்லாருடைய வரிசையையும் பிரித்துப் போட்டுவிட்டுக் காபி கேட்டார்.

ஒரே ஒரு எச்சரிக்கை: சில பெட்டிகளில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் குறைவு. மஞ்சள் பல்பின் கீழே வயதான கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பகலில் ஆடுங்கள், இல்லையென்றால் வெள்ளை விளக்குப் போடுங்கள்.

பொங்கலுக்குப் பத்துப் பேர் கூடுவோம். எல்லாரும் ஒரே ஆட்டத்தில் இருக்க முடியுமா? செலவு குறைவாக.
– வாசகி, திண்டுக்கல்

'கோட்நேம்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வ்லாடா ஹ்வாடில் என்ற செக் நாட்டுக்காரர் செய்தது, 2015. மேசையில் ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள். இரண்டு அணி, அணிக்கு ஒரு தலைவர். எந்தச் சொல் எந்த அணியுடையது என்பது தலைவர்களுக்கு மட்டும் தெரியும். அவர் ஒரே ஒரு சொல்லையும் ஒரு எண்ணையும் சொல்வார், அணி கண்டுபிடிக்க வேண்டும். 25-ல் ஒரு சொல் கொலைகாரன். அதைத் தொட்டால் அந்த அணி அங்கேயே அவுட்.

கடையில் கிடைப்பது ஆங்கிலப் பெட்டி. நாங்கள் பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்னால் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டோம். இதில் தமிழுக்கு ஈடே இல்லை. மாலை, நூல், படி, ஆறு, திங்கள், கல் என்று இரண்டு மூன்று பொருள் உள்ள சொற்களாகப் பொறுக்குங்கள். ஒரு தடவை நான் தலைவர். மாலை, நூல், முழம் மூன்றையும் குறிவைத்து, "பூக்காரி, மூன்று" என்றேன். மாலையைத் தொட்டார்கள், முழத்தைத் தொட்டார்கள். மூன்றாவதாக என் மனைவி கொஞ்சமும் தயங்காமல் 'படி'யைத் தொட்டாள். கொலைகாரன்! "பூக்காரி தினம் நம் வீட்டுப் படியில்தானே உட்காருகிறாள்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது?

எந்தச் சொல் யாருடையது என்று காட்டும் கட்டத்தை ஒரு தாளில் நீங்களே வரைந்துகொள்ளலாம்: முதலில் தொடங்கும் அணிக்கு 9, மற்றதற்கு 8, பொது 7, கொலைகாரன் 1. ஆட்டம் போடாத ஒருவர் வரைந்து இரண்டு தலைவர்களிடமும் காட்டட்டும். செலவு ஒரு பேனா.

நாங்கள் நால்வர், வருடக்கணக்காக 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிறோம். அலுக்கவில்லை, ஆனாலும் மாறுதல் வேண்டும்.
– வாசகர், யாழ்ப்பாணம்

304 ஆடுகிறவர்களுக்குப் புது ஆட்டம் சொல்லத் தைரியம் வேண்டும். 'தி க்ரூ' முயன்று பாருங்கள், 2019-ல் வந்தது. நான்கு நிறம், 1 முதல் 9. நான்கு ராக்கெட் சீட்டுகள் துரும்பு (எங்கள் ஊரில் துருப்பு). இறக்கிய நிறத்தையே போட வேண்டும் என்பது உங்களுக்குப் பழகியதுதான். வேறுபாடு, நால்வரும் ஒரே பக்கம். இந்தப் பச்சை 5 இன்னாருக்குத்தான் போக வேண்டும் என்பது போன்ற கட்டளைகள் வரும். பேசாமல் நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு பணியிலும் ஆளுக்கு ஒரே முறை ஒரு சீட்டைத் திறந்து காட்டிக் குறிப்புக் கொடுக்கலாம். மொத்தம் 50 பணிகள், போகப் போகக் கடினம். எதிரே இருக்கிற கூட்டாளியின் மனதைப் படித்துப் பழகிய உங்களுக்கு முதல் பத்துப் பணிகள் ஒரே மாலையில் முடியும்.

சேர்ந்து ஜெயிக்கும் ஆட்டம் என்று 'பாண்டமிக்' வாங்கினோம். என் கணவரே எல்லாருக்கும் "நீ சென்னைக்குப் போ, நீ மருந்தைத் தேடு" என்று உத்தரவு போடுகிறார். நாங்கள் மூவரும் காய் நகர்த்தும் கூலிகள்.
– வாசகி, நாகர்கோவில்

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த வரைபடத்தின் 48 ஊர்களில் சென்னையும் இருப்பதைப் பார்த்ததும் எங்கள் வீட்டிலும் எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடினார்கள். உத்தரவு போடும் ஆள் சேர்ந்து ஆடும் எந்த ஆட்டத்திலும் முளைப்பார். எல்லார் சீட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதுதான் காரணம். சீட்டை மூடிப் பிடியுங்கள். வாயால் சொல்லலாம், காட்டக் கூடாது. அப்புறம், ஒருவர் முறை வந்தால் அவர் கேட்கும் வரை யாரும் யோசனை சொல்லக் கூடாது. அப்படியும் அடங்காவிட்டால் மேலே சொன்ன தி க்ரூவை வாங்கி அவர் கையில் கொடுங்கள். பேசவே கூடாது என்பது அதில் விதி.

எங்கள் நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறைக்கும் பத்து நிமிடம் யோசிக்கிறார். அவரை விலக்கவும் மனமில்லை.
– வாசகர், சென்னை

'செவன் வொண்டர்ஸ்' ஆடுங்கள். ஏழு பேர் வரை சேரலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். ஆறு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் தன்னால் வேகம் வரும். முதல் ஆட்டத்தில் படக்குறிகள் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து வெளிநாட்டுப் பெட்டி எதற்கு? நம் ஆட்டங்கள் போதாதா?
– வாசகர், கரூர்

இரண்டு பேர் என்றால் தாராளமாகப் போதும். ஆடு புலி ஆட்டத்தில் பகடையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. 23 சந்திப்புகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்; 15-ம் இறங்கும் வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் புலிகளை நகர விடாமல் அடைத்தால் ஜெயம். என் மேசையில் பெரிய பெட்டிகள் வருவது நாலைந்து பேர் சேரும்போதுதான். பேத்தியும் நானும் மட்டும் இருந்தால், மாடித் தரையில் சாக்பீஸ் கோடு, 15 புளியங்கொட்டை, 3 கூழாங்கல்.

உங்கள் வீட்டில் சின்னவர்கள் இருந்தால் முதலில் புலியை அவர்களிடம் கொடுங்கள். வெட்டுகிற சந்தோஷம் உடனே கிடைக்கும். நாலைந்து ஆட்டம் போனதும், "தாத்தா, இன்றைக்கு நான் ஆடு" என்பார்கள். எங்கள் வீட்டில் அது போன மாதம் நடந்தது. அதற்குப் பிறகு புலியை வைத்து நான் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.