தவழாமலே நடக்கலாமா? குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: மகளுக்குப் பத்து மாதம். தவழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள்.

பதில்: நகரட்டும். கையும் முட்டியும் ஊன்றித் தவழ, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகள் ஏறக்குறைய 5 முதல் 13½ மாதம் வரை இடம் கொடுக்கின்றன. அந்த ஆய்வில் 100-க்கு 4 பேர் போல அப்படித் தவழவே இல்லை.

கேள்வி: இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவன். 14 மாதமாகியும் நடக்கவில்லை.

பதில்: கணக்குக்கு அவனுக்கு 12 மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த வாக்கர் சீக்கிரம் நடக்க வைக்குமா?

பதில்: வைக்காது. அதில் குழந்தை விரல் நுனியால் உந்தித் தள்ளும். விழாமல் நிற்கும் வித்தையை வண்டியே செய்துவிடும். படியில் உருளும் ஆபத்து வேறு. கனடா 2004-இல் இதைத் தடையே செய்துவிட்டது. பரிசாக வந்ததென்றால் பரணில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஒன்பது மாதம். எதையும் இடது கையால்தான் எடுக்கிறான். தாத்தா மாதிரி இடது கைக்காரனோ?

பதில்: இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நடை தாமதம் என்று பதறி வருபவர்கள் அதிகம். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, சிரித்துவிட்டுப் போகிறார்கள். முதல் வயதில் இரண்டு கையும் மாறி மாறி வர வேண்டும். கைப்பழக்கம் அதற்குப் பிறகுதான் மெல்ல நிலைக்கும். இத்தனை சீக்கிரம் ஒரே கை என்றால், அந்தக் கை கெட்டி என்பதைவிட மற்றது பலவீனமோ என்றுதான் நான் யோசிப்பேன். பொம்மையை வலப்பக்கம் நீட்டுங்கள். வலது கை வருகிறதா? கட்டைவிரல் உள்ளே மடங்கி முஷ்டியாகவே இருக்கிறதா?

கேள்வி: நான்கு வயது. எழுத்து கோணல்மாணல்.

பதில்: கையை நினைத்தபடி அசைக்கும் கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, கடைசியில்தான் விரலுக்கு வரும். மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தில் முக்கோணம், போதும். களிமண் பிசையட்டும், ஏணி ஏறட்டும்.

கேள்வி: மூன்று வயதுக்குப் பந்து பிடிக்கத் தெரியவில்லையே?

பதில்: கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறதா? அந்த வயதுக்கு அதுதான் பிடிப்பது. பலூன் கொடுங்கள், மெதுவாக இறங்கும்.

கேள்வி: இடது கை பற்றிக் கேட்டவர்தான். நீட்டிப் பார்த்தேன். உடம்பையே திருப்பி இடது கையால் வாங்குகிறான்.

பதில்: இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது செய்ததை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போனதும் அழுவான், எதையும் செய்து காட்ட மாட்டான்.