எதிர்பாராத செலவு – கடிதமும் பதிலும் (கடிதம் சுருக்கப்பட்டது)

அன்புள்ள அக்கா,

உடுமலையிலிருந்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. கைக்கு வருவது 54,000. 2021ல் கடனில் ஒரு சின்ன கார் வாங்கினேன். அம்மாவை மாதம் இரண்டு முறை கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. கார் டியூ 10,900. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பெர்சனல் லோன் 2,60,000 பாக்கி, அதன் டியூ 9,200. சித்தப்பாவிடம் கைமாற்று 60,000. கிரெடிட் கார்டில் 1,18,000. மாதம் 6,000 கட்டியும் குறையவே மாட்டேன் என்கிறது. எல்லாம் எதிர்பாராத செலவுகளால் வந்தது, பட்டியல் இணைத்திருக்கிறேன். சின்னக் கடனை முதலில் அடைத்தால் தெம்பு வரும் என்கிறார் ஒரு நண்பர். வட்டி அதிகமானதை முதலில் அடை என்கிறார் இன்னொருவர். மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை வைத்துக் கார்டை முடித்துவிடலாமா என்றும் யோசனை. எதை முதலில் அடைப்பது?

ம., உடுமலை

அன்புள்ள தம்பி,

கார்டை முதலில் அடையுங்கள். மாதம் மூன்றரை வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரைக் கண்டால் தெருவைத் தாண்டி நடப்போம், இவர் மூன்றரை. 1,18,000க்கு மாத வட்டி 4,130. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 743. ஆக நீங்கள் கட்டும் 6,000ல் அசலுக்குப் போவது 1,100 சொச்சம். எப்படிக் குறையும்?

பெர்சனல் லோனை அதன் போக்கில் விடுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். சித்தப்பாவின் பணத்துக்கு வட்டி இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பாவும் அப்படித்தான் நினைக்கிறாரா? மாதம் ஆயிரமாவது நேரில் போய்க் கொடுங்கள், ஜிபேயில் அனுப்பாதீர்கள். உங்கள் இரண்டு நண்பர்களும் அவர்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

இவ்வளவுதான் என்றால் உங்கள் கடிதத்துக்கு நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன். என்னை உட்கார வைத்தது நீங்கள் இணைத்திருந்த அந்தப் பட்டியல். தலைப்பு, 'எதிர்பாராத செலவுகள்'. இன்சூரன்ஸ், போன வருடம் 17,500. இன்சூரன்ஸ், இந்த வருடம் 16,300. நான்கு டயர் 21,000. பேட்டரி 6,200. சர்வீஸும் கிளட்ச்சும் 24,000. கூட்டிப் பார்த்தேன், 85,000 வந்தது. அப்புறம் வட்டி. உங்கள் கார்டில் இருப்பதும் கார் கடன்தான் தம்பி. ஒரு கார் கடனை பேங்க்கில் ஒன்பது சதவீதத்துக்கும் இன்னொன்றைக் கார்டில் நாற்பத்திரண்டு சதவீதத்துக்கும் வைத்திருக்கிறீர்கள்.

இதில் எது எதிர்பாராதது? இன்சூரன்ஸ் முடிகிற தேதியைப் பாலிசியிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே போனில் கூப்பிட்டு உயிரை எடுக்கிறார்கள். அது எதிர்பாராதது என்றால் தீபாவளியும் எதிர்பாராததுதான். டயர் என்பது செருப்பு மாதிரி, நடந்தால் தேயும். நாற்பதாயிரம், நாற்பத்தையாயிரம் கிலோமீட்டரில் அது போகும் என்று ஷோரூம்காரனுக்குத் தெரியும், பஞ்சர் கடைப் பையனுக்குத் தெரியும். பேட்டரிக்கு மூன்று நான்கு வருட ஆயுள் என்பதும் அப்படித்தான். ராத்திரியில் நடுரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அது எதிர்பாராதது. மற்றதெல்லாம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற விருந்தாளிகள். நாம்தான் அரிசி வாங்கி வைக்கவில்லை.

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. என் அப்பா பழனியில் டாக்சி ஓட்டினார். டீசல் அம்பாசிடர். பழைய வண்டி. ஸ்டாண்டில் நிற்கும் ஏழெட்டு வண்டிகளில் அதுதான் பார்க்கச் சுமார். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில். அப்பா ராத்திரி வந்ததும் கைகால் கழுவிவிட்டு, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை ஒரு சின்ன நோட்டில் எழுதுவார். கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா கணக்குப் போட்டு அந்தப் பாட்டிலில் போடுவார். டயருக்கும் எஃப்.சி.க்கும், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் சான்றுக்கும். டாக்சிக்கு எஃப்.சி. காட்டுவது ஒரு கல்யாணம் மாதிரி. டிங்கரிங், பெயின்ட், டயர் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

கொடைக்கானல் சவாரி என்றால் கணக்கு வேறு. போகவர நூற்றிமுப்பது கிலோமீட்டர், பதிமூன்று ரூபாய் போட வேண்டும். அப்பா இருபத்தாறு போடுவார். ஏனென்று ஒரு முறை கேட்டேன். "மலை ரோடு ரெண்டு பங்கு திங்கும்" என்றார். வளைவில் டயர் எந்தப் பக்கம் தேயும் என்று என் ரப்பரை மேசையில் தேய்த்துக் காட்டினார். ரப்பர் தூளை அம்மா திட்டிக்கொண்டே துடைத்தது ஞாபகம் இருக்கிறது.

1986ல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூலில் மைசூர் டூர், 85 ரூபாய். அப்பா இல்லை என்றார். பாட்டில் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும். கழுத்து வரைக்கும் இருந்தது. கேட்டேன். "அது நம்ம காசு இல்லம்மா, வண்டி காசு" என்றார். கஞ்சன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் ராத்திரி 85 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். வீட்டில் முந்நூறோ நானூறோ பாட்டிலில் இருக்கும்போது வெளியே போய்க் கை நீட்டியிருக்கிறார்! டீயை ஒன்றாகக் குறைத்து, தினம் இரண்டு ரூபாயாக ஒன்றரை மாதம் கொடுத்து அடைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் மைசூர் முழுக்க அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. கணக்குத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு தினம் இரண்டு ரூபாயைப் பாட்டிலிலேயே போட்டிருக்கலாமே, ஒன்றுதானே என்று.

ஒன்றில்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன். 2012ல் கார் வாங்கினேன், தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்தேன், அப்பா பெண் அல்லவா. இரண்டாம் வருடம் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் தேவைப்பட்டது. என் பணம்தானே என்று எடுத்தேன். திருப்பிப் போடவில்லை. யார் கேட்கப்போகிறார்கள்? ஸ்டாண்டில் அந்த டிரைவர் தினமும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாட்டில் பார்க்காது. இன்சூரன்ஸ் புதுப்பிக்காமல் தொண்ணூறு நாள் தாண்டியதில் சேர்ந்திருந்த நோ கிளைம் போனஸும், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியும், போயிற்று. நல்லவேளை, அந்த மூன்று மாதத்தில் யார் மேலும் இடிக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சவாரி முடிந்து வாங்கும் பணத்தில் டயரின் பங்கு அந்த நிமிஷமே கடனாகிவிடுகிறது. டயர் கடைக்காரருக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அம்மாவைக் கோவையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெட்ரோல் மட்டும்தான் செலவு என்று நினைக்கிறீர்கள். நூற்றிநாற்பது கிலோமீட்டரில் டயர் அறுபது எழுபது ரூபாய்க்குத் தேய்ந்திருக்கிறது. யாரும் பில் கொடுக்கவில்லை.

உங்கள் வண்டிக்கு நான் போட்ட கணக்கு இது. மாதம் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்று வைத்தேன். இன்சூரன்ஸுக்கு வருடம் 16,300, சர்வீஸுக்கு 9,000, டயருக்குக் கிலோமீட்டருக்கு ஐம்பது பைசாவுக்குக் கொஞ்சம் குறைய, பேட்டரிக்கு 1,600. பிரேக், வைப்பர், டோல், பஞ்சர் என்று 4,000. வருடத்துக்கு 36,000 பக்கம் வருகிறது. மாதம் 3,000. கிளட்ச் மறுபடி போனால் இது போதாது. பெட்ரோல் இதில் சேரவில்லை. உங்கள் காருக்கு மாதம் 10,900 என்று எழுதியது தப்பு, பெட்ரோல் போடாமலே 13,900.

இந்த 3,000ஐ எங்கிருந்து எடுப்பேன் என்று கேட்பீர்கள். டியூவும் கார்டும் மட்டுமே மாதம் 26,100 போகிறது, வயிற்றைக் கட்டினாலும் சிரமம்தான், தெரியும். ஆனால் இப்போதும் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கார்டுக்காரனுக்கு வட்டியோடு. கார்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு 6,000 கட்டுவதை நிறுத்தாமல் இருந்தால் முதல் வருடம் ஆமை வேகத்தில்தான் இறங்கும். மனம் உடையாதீர்கள். வட்டி குறையக் குறைய அசலுக்குப் போவது கூடும். மார்ச் போனஸ் கடிதத்தில் எங்கும் காணோம். வந்தால் முழுதாகக் கார்டுக்கு.

காரை விற்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை அதைக் கேட்கவில்லை, அம்மாவுக்காக என்று புரிகிறது. கார் லோன் முடியும்போது பேங்க்கில் பாக்கி இல்லை என்கிற என்ஓசியோடு, கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ஐயும் மறக்காமல் வாங்கி ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பேங்க் பெயரை நீக்கிவிடுங்கள். நிறைய பேர் டியூ முடிந்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டு, விற்கப்போகும்போது அலைகிறார்கள்.

சங்கிலி விஷயம். பேங்க்கில் நகைக்கடன் வட்டி உங்கள் கார்டு வட்டியில் நாலில் ஒரு பங்குதான், கணக்குச் சரி. ஆனால் மாதம் 3,000 தனியாக எடுத்து வைக்காமல் நகையை வைத்துக் கார்டை அடைத்தால், இரண்டு வருடத்தில் கார்டும் நிறைந்துவிடும், நகையும் பேங்க்கில் இருக்கும். ஆறு மாதம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அந்தப் பேச்சை எடுங்கள். உங்கள் பாலிசி அக்டோபர் 14ல் முடிகிறது. இன்னும் ஏழு மாதம். 16,300ஐ ஏழால் வகுத்தால் 2,330. முதல் பாட்டில் அதற்கு.

அப்புறம், இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் சங்கிலியோடு. இந்தப் பட்டியலை அவரிடம் காட்டினீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா