'நானா'ன்னு போட்டுட்டாங்க, 19 வருஷம் கழிச்சு கேக்க முடியுமா?

கேள்வி: சார், எங்க வீட்டுக்காரர் ஆர்மில 17 வருஷம் சர்வீஸ் போட்டு 2006 டிசம்பர்ல நாயக் ரேங்க்ல ரிலீஸ் ஆனார். சொந்த ஊர் வேலூர் பக்கம், இப்ப முனிர்கால வாடகைக்கு இருக்கோம், அவர் குர்கான்ல செக்யூரிட்டி வேலை பாக்கறார். 2001-ல காஷ்மீர் குப்வாரால அவங்க போன வண்டி பள்ளத்துல உருண்டு, பக்கத்துல உக்காந்திருந்தவர் அங்கயே போயிட்டார், இவருக்கு முதுகுல அடி. அன்னிலருந்து வலியும் விடல, தூக்கமும் இல்ல. ரிலீஸ் மெடிக்கல் போர்டுல முதுகுக்கு 20, மனசுக்கு 30, மொத்தமா 40 சதவீதம்னு போட்டாங்க (ரெண்டையும் நேரா கூட்ட மாட்டாங்களாம்), ஆனா டிசபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு லெட்டர் வந்துச்சு. அப்பீல் போடாம லெட்டரை டிரங்க் பெட்டில போட்டு மூடிட்டார். இப்ப ஒருத்தர், நான் வாங்கித் தரேன், வர்றதுல 30 சதவீதம் எனக்குன்னு கேக்கறார். குடுக்கலாமா?
- வாசகி, முனிர்கா, டெல்லி

பதில்: அந்த 30 சதவீத ஆளை வாசலோட அனுப்பிடுங்க தங்கச்சி. வக்கீலாவே இருந்தாலும், ஜெயிச்சு வர்ற காசுல பங்குன்னு பீஸ் பேசறது பார் கவுன்சில் விதிப்படி கூடாது, வக்கீல் இல்லாத புரோக்கர்னா கேக்கவே வேணாம். 19 வருஷம் ஆனதால கதவு மூடிடல. ஆனா தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாசமும் காசு போயிட்டிருக்கு, அதைக் கடைசில சொல்றேன்.

முதல்ல பெட்டியத் திறந்து அந்த லெட்டரை எடுங்க. அதுல என்.ஏ.என்.ஏ-ன்னு நாலு எழுத்து இருக்கும், சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னு அர்த்தம். நான் ஆர்மில கிளார்க்கா இருந்தவன், இந்த லெட்டரை ஒரே நாள்ல நாலஞ்சு அடிச்சிருக்கேன், பேரும் நம்பரும் மட்டும்தான் மாறும். அப்ப ஒரு நம்ம ஊர் ஹவில்தார் லெட்டரைப் படிச்சுட்டு, "நானான்னு போட்டிருக்கே சார், என் இடுப்பு போனதுக்கு நானா காரணம்?"னு கேட்டார். எனக்கு அன்னிக்கு பதில் சொல்லத் தெரியல, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

இப்ப நல்லா கவனிங்க. உங்க வீட்டுக்காரருக்கு வலி இருக்கு, மனசுல அடி இருக்குன்னு போர்டே 40 போட்டு ஒத்துக்கிட்டாச்சு, அதை நீங்க மறுபடி நிரூபிக்க வேண்டியதில்ல. தகராறு எல்லாம் எதனால வந்ததுங்கற ஒரே வரிலதான். பெரும்பாலும் அங்க "பீஸ் ஸ்டேஷன்ல (சண்டை இல்லாத அமைதியான இடத்துல) ஆரம்பிச்சது"ன்னோ "உடல்வாகு"ன்னோ ஒரு வரி எழுதி முடிச்சிருப்பாங்க. அந்த மாதிரி ஒத்த வரி நிக்காதுன்னு 2013-ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: சேரும்போது எடுத்த மெடிக்கல்ல நோய்னு எதுவும் குறிக்காம எடுத்துக்கிட்டா, அப்புறம் வந்த நோய் சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லங்கறவங்கதான் நிரூபிக்கணும், போர்டு காரணம் எழுதணும். உங்களவர் 2006-லயே வந்துட்டதால அவருக்கு 1982-ல வந்த பென்ஷன் தகுதி விதிகள், இது நல்லதுதான், சந்தேகம் வந்தா அதோட பலன் கேக்கறவருக்குன்னு அந்த விதிலயே இருக்கு. ஸ்ட்ரெஸ்ஸால பாதிக்கற நோய்ங்கற பட்டியல்ல மனநோய்களும் இருக்கு. (2008-லயும், 2023 செப்டம்பர்லயும் வேற விதிகள் வந்துச்சு, அதுக்கப்புறம் வெளிய வந்தவங்க இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க.)

பேப்பர் விஷயம். ரிலீஸ் மெடிக்கல் போர்டு ரிப்போர்ட், அதாவது ஏஎஃப்எம்எஸ்எஃப்-16, அதோட முழுக் காப்பி வேணும்னு ரெகார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்க, பதில் இல்லன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க. கூடவே 2001 விபத்தோட இஞ்சுரி ரிப்போர்ட், ஐஏஎஃப்ஒய்-2006, அதையும் கேளுங்க. உங்க கேஸுக்கு இதுதான் தங்கம். டூட்டில இருக்கறப்ப பட்ட அடின்னு அதுல இருந்துச்சுன்னா, பீஸ் ஸ்டேஷன் கதை முதுகு விஷயத்துல எடுபடாது. அந்த வண்டில கூட இருந்தவங்க யாராவது தொடர்புல இருந்தா ஒரு அபிடவிட் வாங்குங்க.

நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. "அவர் ரொம்ப கஷ்டப்படறார்"னு எழுதினா அது யாருக்கும் ஒண்ணும் சொல்லாது. ஒரு நண்பரோட சம்சாரம் எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு: ஆட்டோ பள்ளத்துல இறங்கினா கம்பியைப் பிடிச்சுக்கறார், வீடு வந்து ஆட்டோ நின்னாலும் விரலை நாந்தான் ஒவ்வொண்ணா பிரிச்சு விடணும். அவ்வளவுதான், ரெண்டே வரி. நீங்க கண்ணால பாத்ததை வருஷத்தோட எழுதுங்க, பாக்காததை சேக்காதீங்க.

மனசு சமாச்சாரம் வேணாம், முதுகு மட்டும் போதும்னு அவர் சொல்லுவார் பாருங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்றதுதான், "பைத்தியம்னு எழுதிடுவாங்க"ன்னு பயம். விடாதீங்க, 40-ல பெரிய பங்கு அதுதான், வலியும் தூக்கமின்மையும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விடறதும் அங்கதான். இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தா பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கி மனநல டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, கேஸுக்காக மட்டும் இல்ல. ராத்திரில தாங்கலைன்னா அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசுவாங்க.

எங்க போறது? அப்பீலுக்கு 6 மாசம்தான் டைம், அது எப்பவோ போச்சு. இருந்தாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு அப்பீல் போடுங்க, 6 மாசத்துல முடிவு சொல்லலைன்னா ஆயுதப்படை தீர்ப்பாயம். ஊர் விலாசம் வேலூரா இருந்தாலும் இப்ப இருக்கறது டெல்லிங்கறதால இங்கயே போடலாம், தீர்ப்பாயத்தோட பிரின்சிபல் பெஞ்ச் ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக் 8-ல இருக்கு, மலை மந்திர் போற உங்களுக்கு வழி சொல்ல வேண்டாம். வக்கீலுக்கு காசு இல்லன்னா சட்ட உதவி கேளுங்க, படைவீரர் குடும்பங்களுக்குன்னே நல்சா, அதாவது தேசிய சட்டப்பணிகள் ஆணையம், 2025 ஜூலைல ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு, சைனிக் போர்டுல (முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்) விசாரிங்க.

காசு கணக்கு. 2008-ல தர்செம் சிங்னு ஒரு கேஸ், அவர் 1983-ல வெளிய வந்து 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மறுக்கறது மாசாமாசம் தொடர்ற தப்பு, அதனால லேட்டா வந்தாலும் கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, ஆனா பழைய பாக்கி வழக்கு போட்டதுக்கு முந்தின 3 வருஷத்துக்கு மட்டும்தான்னு வெட்டிடுச்சு. அதுக்கப்புறம் பல கேஸ்ல அதே அளவுதான் வெச்சிருக்காங்க. அப்படிப் பாத்தா 16 வருஷப் பாக்கி உங்களுக்குப் போன மாதிரிதான், மனசைத் தேத்திக்கங்க. இனிமே வர்றதுல 40-ஐ 50-ஆ ரவுண்ட் பண்ணித் தரணும், இது 2014 ராம் அவதார் தீர்ப்பு, அதையும் மனுவிலயே சேத்துக் கேளுங்க, தனியா இன்னொரு தடவை அலைய வேணாம்.

பெட்டி பூட்டு துருப்பிடிச்சிருந்தா உடைச்சுடுங்க, சாவி தேடிட்டு அடுத்த மாசத்தையும் விட்டுடாதீங்க.