30 ஆயிரமா, 60 ஆயிரமா: ரியர் வீல் டிரைவ் கூப்பே வாங்கும் முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், வயது 38. குடும்பத்துக்கு ஒரு எஸ்யூவி இருக்கிறது. இப்போது எனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பே (இரண்டு கதவு கார்) வாங்க ஆசை. ரியர் வீல் டிரைவ் (சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும் போவது), கிளட்ச் மிதித்து கியர் போடுவதாக இருக்க வேண்டும், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம், விடுமுறையில் மலைச்சாலை. ஆறு வயது மகளும் அவ்வப்போது உடன் வருவாள். டொயோட்டா ஜிஆர் 86 சுமார் 30,000 டாலர். அதற்கு மேலே மஸ்டாங், நிசான் இசட், சூப்ரா என்று ஏறிக்கொண்டே போனால் 60,000-க்கும் மேலே பிஎம்டபிள்யூ எம்2. கையில் 35,000 இருக்கிறது. கடன் போட்டு மேலே போவதா?

பதில்: கடன் வேண்டாம். ஜிஆர் 86 வாங்குங்கள். மீதிப் பணத்தை டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை ஏற ஏற இந்த வகைக் கார்களில் குதிரைத்திறன் கூடுகிறது. கூடவே எடையும் கூடுகிறது. விளம்பரங்கள் முதலாவதை மட்டும்தான் சொல்லும். ஜிஆர் 86-ல் டர்போ இல்லாத 2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பது), 228 குதிரைத்திறன், எடை சுமார் 2,800 பவுண்டு. எம்2-வில் 473 குதிரைத்திறன், எடை சுமார் 3,800 பவுண்டு. அந்த ஆயிரம் பவுண்டை ஒவ்வொரு வளைவிலும் திருப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். அதற்குத்தான் பெரிய பிரேக், அகல டயர் எல்லாம். எம்2-வில் முன்னால் 19 அங்குலச் சக்கரத்தில் 275 அகலம், பின்னால் 20 அங்குலச் சக்கரத்தில் 285 அகலம். முன்டயரைப் பின்னுக்கு மாற்றி ஓட்டவே முடியாது. ஜிஆர் 86-ன் பிரீமியம் டிரிமில் (டிரிம் என்றால் ஒரே காரின் விலைவாரியான வகை) நான்கும் ஒரே 215 அகலம், 18 அங்குலம். இடம் மாற்றி மாற்றிப் போட்டு நான்கையும் சமமாகத் தேய விடலாம். டயர் கடையில் நான்கு டயருக்கு விலை கேட்டுப் பாருங்கள், இரண்டு கார்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அப்போது புரியும்.

மலைச்சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். 450 குதிரைத்திறன் உள்ள காரை அங்கே இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தால், வேக வரம்பைத் தாண்ட சில விநாடிகள் போதும். பிறகு மனம் பூராவும் காலை அடக்குவதிலேயே இருக்கும். ஜிஆர் 86-ல் அப்படியில்லை. சிவப்புக் கோடு (இன்ஜின் சுழலக்கூடிய உச்ச வேகம்) வரை இன்ஜினைச் சுழற்றி, கியர் இறக்கி, பின்பக்கம் லேசாக அசைவதை இருக்கையிலேயே உணர்ந்து ஓட்டலாம். ரியர் வீல் டிரைவ் கேட்பவர்கள் தேடுவது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, எந்தக் காரிலும் அடிப்படை டிரிமில் எதை விட்டுவிட்டார்கள் என்று பாருங்கள். எல்லோரும் மறப்பது இதை. ஜிஆர் 86-ல் எந்த டிரிம் எடுத்தாலும் டார்சன் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உண்டு. டிஃபரென்ஷியல் என்பது பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகும்போது, சாதாரண டிஃபரென்ஷியல் சக்தியை அந்தச் சக்கரத்துக்கே விட்டுச் சும்மா சுழல வைக்கும். டார்சன் அதை வெளிச்சக்கரத்துக்குத் தள்ளும், கார் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரும். நிசான் இசட்டில் ஆரம்ப டிரிமான ஸ்போர்ட்டிலும் 400 குதிரைத்திறன், மேனுவல் கியர் எல்லாம் தருகிறார்கள். ஆனால் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் வேண்டுமென்றால் பெர்ஃபார்மன்ஸ் டிரிமுக்குப் போக வேண்டும். அந்தச் சக்திக்கு அது அவசியம், ஆகவே இசட்டின் உண்மையான விலை அந்த மேல் டிரிமின் விலைதான். மஸ்டாங்கில் 2024-லிருந்து ஈகோபூஸ்ட் என்ற நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு மேனுவல் கிடையாது. கிளட்ச் வேண்டுமென்றால் வி8 போட்ட ஜிடி எடுத்தாக வேண்டும், புதிதாக எடுத்தால் உங்கள் 35,000 போதாது.

மகள் விஷயத்தில் பாதிப் பட்டியல் தானாகவே அடிபடுகிறது. இசட், சூப்ரா இரண்டுக்கும் பின் இருக்கையே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை பின்னால்தான் உட்கார வேண்டும். ஜிஆர் 86-ல் பின் இருக்கை உண்டு, ஆனால் சின்னது. நீங்கள் உயரமானவர் என்றால் உங்கள் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்க இடமே இருக்காது. ஷோரூமுக்குப் போகும்போது பூஸ்டர் சீட்டையும் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த பூஸ்டரைப் பயணி பக்கத்துப் பின் இருக்கையில் பொருத்தி, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும்.

அங்கே இடம் போதவில்லை, அல்லது அலுவலகம் போகும் ஹைவேயில் சாலைச் சத்தம் பொறுக்கவில்லை என்றால் (ஜிஆர் 86 சத்தமான கார்தான்), பழைய மஸ்டாங் ஜிடி பாருங்கள். 2018 முதல் 2020 வரையிலான மாடல்கள், 5 லிட்டர் வி8, 460 குதிரைத்திறன். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் உள்ளதாகவே தேடுங்கள். மேனுவலில் டார்சன், பிரெம்போ பிரேக், பெரிய ரேடியேட்டர் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். உங்கள் பணத்துக்குள் கிடைக்கும்.

எந்தக் காராக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் அதன் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் பனி விழும். பிரீமியம் டிரிமில் வரும் பைலட் ஸ்போர்ட் 4 கோடைக்கால டயர், வெப்பநிலை சுமார் 45 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ரப்பர் இறுகிப் பிடிப்பு போய்விடும். ஆகவே குளிர்கால டயர் ஒரு செட் தனியாக வேண்டும். அது இருந்தால் ரியர் வீல் டிரைவை ஜனவரியிலும் நிதானமாக ஓட்டலாம். ஸ்டிக்கர் விலைக்கு (நிறுவனம் காரில் ஒட்டும் விலை) மேல் டீலர் கேட்டால் அடுத்த டீலரிடம் போங்கள். சுபாரு பிஆர்இசட்டும் இதே கார்தான், இரண்டும் ஜப்பானில் சுபாருவின் ஒரே ஆலையில் உருவாகின்றன. எது நியாயமான விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

இன்னொன்று. புது ஜிஆர் 86 வாங்குபவருக்கு நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஓராண்டு உறுப்பினர் உரிமையும், பந்தயத் தடத்தில் பயிற்றுநருடன் ஓட்டும் ஒரு நாளும் இலவசம். தயவுசெய்து அதை வீணாக்காதீர்கள். உங்கள் மாநிலத்திலேயே மில்வில்லில் நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க் இருக்கிறது. சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகத் தடத்தில் செல்லாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பதே 12,000 டாலர். பழைய 2013 சயான் எஃப்ஆர்-எஸ் ஒன்று விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு. எஃப்ஆர்-எஸ் என்பது ஜிஆர் 86-ன் முந்தைய தலைமுறை, டொயோட்டாவின் சயான் பெயரில் விற்றது. 2013 எஃப்ஆர்-எஸ், பிஆர்இசட் கார்களுக்கு வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று 2018-ல் ரீகால் (பழுதை இலவசமாகச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது) வந்தது. பாக்ஸர் இன்ஜின் என்பதால் அந்த வேலைக்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது சீலன்டை (கசிவைத் தடுக்கும் பசை) அளவுக்கு மேல் தடவினால், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் போகாத இன்ஜின் அதோடு போச்சு. ஆகவே ரீகால் நடந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எப்போது நடந்தது, அதன் பிறகு எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். வேலை முடிந்து 30,000 மைல் பழுதில்லாமல் ஓடிய கார் என்றால் எனக்குத் தைரியம் வரும். முந்தின மாதம்தான் முடிந்தது என்றால் வராது. விஐஎன் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டால் பாக்கி ரீகால் தெரிந்துவிடும்.

காரை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நியூட்ரலில் கிளட்சை மிதித்து விடுங்கள். விடும்போது கரகரவென்று சத்தம் வந்து மிதித்தால் மறைகிறதா, மிதிக்கும்போது வருகிறதா என்று கவனியுங்கள், இந்தக் கார்களில் கிளட்ச் பேரிங் பேர்போன பலவீனம். பின்டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. முன்டயர் பழையதாகவும் பின்டயர் மட்டும் புதிதாகவும் இருந்தால், காரைச் சறுக்கிச் சறுக்கி ஓட்டினார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். கடைசியாக வெளி மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துச் சோதியுங்கள். அதற்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.

இன்ஜினின் குணத்தையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்தப் பழைய 2 லிட்டருக்கு முழு டார்க் (சுழற்றும் இழுவிசை) நிமிடத்துக்கு 6,400 சுழற்சியில்தான், நடுவில் 4,000-ஐ ஒட்டி ஒரு தொய்வும் உண்டு. புதிய 2.4 லிட்டரில் அது 3,700-லேயே கிடைத்துவிடும். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கேள்வி: எனக்கு ஆட்டோமேட்டிக்கே போதும். சூப்ராவா, பிஎம்டபிள்யூ எம்240ஐ-யா?

பதில்: எம்240ஐ. இரண்டிலும் இருப்பது பிஎம்டபிள்யூவின் ஒரே 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் குடும்பம், இரண்டும் 382 குதிரைத்திறன். எம்240ஐ-யில் இரண்டு பேர் பின்னால் உட்காரலாம், டிக்கியும் உண்டு. ஆனால் ஷோரூம்களில் அதிகம் நிற்பது நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் எக்ஸ்டிரைவ் வகை. ரியர் வீல் டிரைவ்தான் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், விண்டோ ஸ்டிக்கரிலும் ஒருமுறை சரிபாருங்கள்.