மாநிலம் மசோதா கொண்டுவந்தால் நகரசபை என்ன செய்யும்?

(கலிபோர்னியாவில் ஒரு நகர மேலாளர் அலுவலகத்தில் சட்டமன்ற விவகாரங்களைக் கவனித்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: மகன் வீட்டுக்குக் கலிபோர்னியா வந்திருக்கிறேன். அவன் ஊர் நகரசபைக் கூட்டத்துக்குப் போனபோது ‘இந்த ஆண்டின் சட்டமன்றக் கொள்கைத் தொகுப்பு’ என்று ஒரு பொருள் வந்தது. யாரும் பேசவில்லை, உடனே நிறைவேறிவிட்டது. வெறும் சடங்கா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பார்ப்பதற்குச் சடங்குதான் அம்மா. ஆனால் அது நிறைவேறாவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஆண்டு முழுவதும் வாய் திறக்க முடியாது.

மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மசோதாக்கள் தாக்கலாகின்றன. நகரசபையோ பெரும்பாலும் மாதம் இருமுறைதான் கூடும். வழக்கமான கூட்டத்தின் பொருள்நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும் என்கிறது பிரௌன் சட்டம் (1953). மாநில சட்டமன்றத்துக்கும் 2016-இல் வாக்காளர்கள் ஒரு கடிவாளம் போட்டார்கள்: மசோதாவின் இறுதி வடிவம் 72 மணி நேரம் பொதுப்பார்வையில் இருந்த பிறகே வாக்கெடுப்பு. இரண்டும் அதே 72 மணி நேரம்! மசோதா திருத்தப்பட்ட நொடியிலேயே நாங்கள் கூட்ட அறிவிப்பை ஒட்டினாலும், சபை கூடும் நேரத்தில் அங்கே வாக்கெடுப்பு முடிந்திருக்கக்கூடும்.

ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே சபை தன் கொள்கைகளை அந்தத் தொகுப்பில் சொல்லிவிடுகிறது. நில உபயோகத்தை ஊரே தீர்மானிக்கட்டும், பணம் தராமல் பொறுப்பைச் சுமத்தாதே, இந்த மாதிரி. அந்த வரம்புக்குள் வரும் மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ மாநிலத்துக்கு எழுதும் கடிதத்தில் மேயர் உடனே கையெழுத்திடலாம். வரம்புக்குள் வராதது, உறுப்பினர்களிடையே சண்டை மூட்டக்கூடியது எல்லாம் சபைக்கே திரும்பிப் போகும்.

கேள்வி: இரண்டாயிரம் மசோதாக்களையும் படிப்பீர்களா? — வாசகர், நாமக்கல்

பதில்: படித்தால் பைத்தியம் பிடித்துவிடும். பிப்ரவரிக் கெடுவுக்குள் இடம்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே பல மசோதாக்கள் உள்ளே சரக்கில்லாமல் தாக்கலாகும். உண்மையான வாசகம் பின்னால் வந்து சேரும். அதனால் முதல் பட்டியலை நான் அதிகம் நம்பியதில்லை, திருத்தங்களைத்தான் துரத்தினேன். 1898 முதல் இயங்கும் கலிபோர்னியா நகரங்களின் கூட்டமைப்பு, அதைத்தான் நாங்கள் ‘லீக்’ என்போம், பாதி வேலையைச் செய்துகொடுக்கும். மீதியைத் துறைகளுக்கு அனுப்புவோம். நிதித்துறை அன்றே பதில் சொல்லும். திட்டத்துறை பத்துப் பக்கம் எழுதும். காவல்துறைத் தலைவரிடம் பதில் வாங்க நேரில் போக வேண்டும்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். மசோதாவை நான் கடைசிப் பிரிவிலிருந்துதான் படிப்பேன். மாநிலம் புதிய வேலையைச் சுமத்தினால் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது 1979 முதல் அரசியலமைப்பில் உள்ள விதி. ஆனால் பல மசோதாக்களின் கடைசிப் பிரிவில், ‘உள்ளாட்சி அமைப்பு கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதால் ஈடு தரத் தேவையில்லை’ என்று அமைதியாக ஒரு வாக்கியம் இருக்கும். அதாவது செலவு நமக்கு, கட்டணத்தைக் கேட்டு மக்கள் திட்டுவதும் நம்மை. அந்த வாக்கியம் இருந்தால் மசோதாவில் சிவப்பு மையால் ஒரு கோடு.

மே மாதமும் ஆகஸ்டும் எங்களுக்குத் திருவிழா. மாநிலத்துக்குச் செலவு வைக்கும் மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்று தனியே ஒதுக்கிவைக்கும். ஒரு நாள் உட்கார்ந்து மசோதா எண்ணையும் முடிவையும் மட்டும் மளமளவென்று வாசிப்பார்கள். விளக்கம் கிடையாது, விவாதம் கிடையாது. நாங்கள் மாதக்கணக்கில் எதிர்த்துவந்த மசோதா அந்த வாசிப்பிலேயே செத்துப்போனதும் உண்டு.

கேள்வி: மேயர் கடிதம் எழுதினால் மாநிலம் கேட்கிறதா? — வாசகர், மதுரை

பதில்: வெறுமனே ‘எதிர்க்கிறோம்’ என்று எழுதினால், குழுவின் ஆய்வறிக்கையில் எதிர்ப்பாளர் பட்டியலில் ஊர்ப் பெயர் ஏறும், அவ்வளவுதான். ‘இந்த வரியை இப்படித் திருத்தினால் எதிர்ப்பை விலக்குகிறோம்’ என்று வாசகத்தையும் சேர்த்து அனுப்பினால் தொலைபேசி மணி அடிக்கும்.

ரயில் நிலையங்களை ஒட்டி அடுக்குமாடி கட்ட வழிவிடும் முயற்சியைப் பாருங்கள். செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 827 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா), 2018-இல் முதல் குழுவிலேயே விழுந்தது. எஸ்.பி. 50, 2020 ஜனவரியில் செனட் வாக்கெடுப்பில் தோற்றது. 2025-இல் எஸ்.பி. 79 வந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை 8-5 என்று எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மேயர் காரென் பாஸும் எதிர்த்தார். ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் கையெழுத்திட்டுவிட்டார். நகரங்களின் எதிர்ப்பால் கிடைத்தது ஏழாண்டுத் தாமதம். அந்த ஏழாண்டில் வாடகை என்ன ஆயிற்று என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். எல்லா எதிர்ப்பும் நியாயமானது என்று நான் வாதாட மாட்டேன்.

சட்டமான பிறகும் சில ஊர்கள் மல்லுக்கட்டும். ஒற்றை வீட்டு மனையைப் பிரித்துக் கூடுதல் வீடு கட்ட அனுமதிக்கும் எஸ்.பி. 9, 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உட்சைடு என்ற பணக்கார ஊர் என்ன செய்தது தெரியுமா? பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் வாழிடத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்தது! மாநில அட்டர்னி ஜெனரல் ராப் பான்டா எச்சரித்துக் கடிதம் எழுதியதும் பிப்ரவரித் தொடக்கத்திலேயே பின்வாங்கியது. நேரான வழியில் போனவை ரெடோண்டோ பீச், டோரன்ஸ் போன்ற நகரங்கள். உள்ளூர் விவகாரங்களைத் தாமே தீர்மானிக்கத் தனிச் சாசனம் கொண்ட தங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று வழக்குப் போட்டு, 2024-இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தன.

கேள்வி: நம் ஊர் மாநகராட்சிகளும் இப்படிக் கடிதம் எழுதலாமே? — வாசகி, திருச்சி

பதில்: தீர்மானம் போட்டு அனுப்பத் தடையில்லை. ஆனால் கலிபோர்னியாவில் ஒரு மசோதா இரண்டு அவைகளிலும் குழுக்களைத் தாண்டி வர மாதங்கள் ஆகும். ஒவ்வொரு குழுவிலும் யாரும் எழுந்து பேசலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான மசோதாக்கள் தாக்கலான கூட்டத்தொடரிலேயே நிறைவேறிவிடுகின்றன, தெரிவுக்குழுவுக்குப் போவது அபூர்வம். மேயர் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் மசோதா சட்டமாகியிருக்கும். முதலில் மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கடிதத்தை அப்புறம் எழுதலாம்.