விழுங்கப்பட்ட தாரை

அன்புள்ள ஐயா,

ஆற்காட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சமீபத்தில் அவர்களைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். கடும் வெப்பத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் விடுபட்டு அலையும் நிலையான குவார்க்-குளுவான் பிளாஸ்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "அதையும் தொலைநோக்கியில் பார்க்கலாமா சார்? உண்டானவுடனே மறைந்துவிடுகிறது என்றால், அதை உண்டாக்கியதாகச் சொன்ன முதல் முடிவுகளை எப்படி நம்பினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்வது?

குமரன், ஆற்காடு

அன்புள்ள குமரன்,

பார்க்க முடியாது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயது ஆகும்வரை ஒளி தடையின்றிப் பயணிக்க வழியில்லை. இந்தப் பிளாஸ்மா இருந்ததோ முதல் சில மைக்ரோ வினாடிகளில். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்றில்லை, ஒளியை நம்பும் எந்தத் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. அதனால்தான் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில், துகள்களை வேகமாக ஓடவிட்டு மோதவைக்கும் ரிக் என்ற கொலைடரில், அதை மறுபடி உண்டாக்க 2000இலிருந்து தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். பிளாஸ்மாவை அங்கும் யாரும் நேரில் பார்ப்பதில்லை. அது விட்டுச்செல்லும் ஆயிரக்கணக்கான துகள்களின் திசையையும் ஆற்றலையும் அளக்கிறார்கள்.

கருக்கள் சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். வாயு என்றால் துகள்கள் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பறந்திருக்கும். ஆனால் பருப்பின் குறுகலான திசையில்தான் அதிகம் வந்தன. உள்ளிருந்த அழுத்தம் தள்ளியிருக்கிறது. அதாவது, அது திரவம் போல ஓடியிருக்கிறது. பலர் எதிர்பார்த்தது வாயுவை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேகமான குவார்க் ஒன்று தெறித்தால் எதிர்ப்பக்கம் அதன் ஜோடியும் கிளம்பும். இரண்டும் துகள் தாரைகளாக வெளியே வர வேண்டும். தங்கமும் தங்கமும் நேருக்கு நேர் மோதியபோது எதிர்ப்பக்கத் தாரையைக் காணோம். பிளாஸ்மா விழுங்கிவிட்டது என்று அப்போதே முடிவு கட்டியிருக்கலாம். கட்டவில்லை. தங்கக் கருவின் அமைப்பே அதற்குக் காரணமாக இருந்தால்? 2003இல் தங்கத்தோடு, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு கருவான டியூட்டரானை மோதவிட்டார்கள். அதில் தங்கக் கருவின் அமைப்பு அதேதான். ஆனால் பிளாஸ்மா பெரிதாக உருவாக இடமில்லை. தாரை மறுபடி தெரிந்தது! ஆக, விழுங்கியது மோதலில் பிறந்த அந்த அடர்ந்த பொருள்தான். இதெல்லாம் முடிந்து 2005 ஏப்ரலில்தான் "கிட்டத்தட்ட முழுமையான திரவம்" என்று அறிவித்தார்கள். உங்கள் மாணவி கேட்ட நம்பிக்கை இந்தச் சோதனையிலிருந்து வந்தது. 2010இல் ஜெனீவா அருகே ஈயக் கருக்களை மோதவிட்ட ஆலிஸ் குழுவும் அதே ஓட்டத்தைக் கண்டது.

அப்புறம் இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். ரிக்கில் துகள்களை அளக்கும் ஸ்டார் கருவியில், ஒளித்துகள்களான ஃபோட்டான்களை எண்ணும் பகுதியைக் கட்டியவர்கள் கொல்கத்தாவையும் இன்னும் சில ஊர்களையும் சேர்ந்த இந்திய இயற்பியலாளர்கள். ஆற்காட்டிலிருந்து இயற்பியல் படிக்கப் போகிற பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.